வெடிக்காத உப்பு

முன்பு ஒரு காலத்தில், அதாவது போன வருஷம், விருதுநகர்ப் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு கல் உப்பு கோபத்தோடு வாழ்ந்துவந்தது.

கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அடுப்பு மேடையில், கைக்கு எட்டும் இடத்தில், பீங்கான் சாடிக்குள் ராஜா மாதிரி இருந்த அதை ஒரே நாளில் பரணுக்குத் தூக்கி எறிந்துவிட்டார்கள். அது செய்த குற்றம், அந்த வீட்டு மருமகள் மாரீஸ்வரிக்கு ஏழாம் மாதத்தில் கால் வீங்கியது.

மாமியார் குருவம்மாள் அந்தக் காலை விரலால் அமுக்கிப் பார்த்தாள். குழி விழுந்தது. விழுந்த குழி சீக்கிரம் நிரம்பவில்லை.

"இந்த உப்புதான் உடம்புல நீரைக் கோத்து வச்சிருக்கு. இன்னைலருந்து உனக்கு உப்பில்லாச் சோறுதான்த்தா. ரெண்டு நாள்ல வடிஞ்சிரும்" என்றாள்.

மாரீஸ்வரி தலையை ஆட்டினாள். தாயில்லாப் பெண். எதற்கும் தலையாட்டித்தான் பழக்கம். அவள் புருஷன் காளிராஜ், அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான். வடிவதாகச் சொன்ன வீக்கம் வடியவில்லை. உப்பு மட்டும் பரணில் கிடந்தது.

"ஏன்யா, இத்தனை வருஷம் என்னைப் போட்டுத்தானே தின்னீங்க? இன்னைக்கு நான் கொலைகாரனா?" என்று உப்பு பரணிலிருந்து கத்தியது. கேட்க ஆளில்லை.

பக்கத்தில் ஒரு மஞ்சப்பை மட்டும் லேசாகச் சரசரத்தது. உள்ளே அட்டை அட்டையாய்க் கால்சியம் மாத்திரைகள், பல இன்னும் பிரிக்காமல்.

"நீ என்ன தப்பு பண்ணினே?" என்றது உப்பு.

"ஒண்ணும் பண்ணல. நாலாம் மாசத்திலருந்து காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணுன்னு அந்தப் பொண்ணு வயித்துக்குள்ள போயிருக்கணும். ஒரு நாள்கூடப் போகல" என்றது மாத்திரை. அதற்குச் சன்னமான குரல். கோபப்படவே தெரியாத ஜாதி.

"ஏனாம்?"

"பிள்ளையோட மண்டையோட்டைக் கல்லாக்கிருவேனாம். தலை இறங்காம நின்னுருமாம்."

உப்புக்குச் சிரிப்பு வந்தது. மாத்திரை சிரிக்கவில்லை.

"சிரிக்காதே. அந்த அம்மாவுக்கு ஒரு மக இருந்தா, சீனியம்மான்னு. எட்டு வருஷத்துக்கு முந்தி ஒன்றரை நாள் வலி. பிள்ளைத் தலை இறங்கல. வண்டி பிடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள ரெண்டு உயிரும் போயிருச்சு."

இழவு வீட்டில் உட்கார்ந்திருந்த ஒருத்தி, பொழுது போகாமல், 'அரசாங்கத்துல குடுக்குற சுண்ணாம்பு மாத்திரையத் தின்னா இப்படித்தான் ஆகும்' என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள். சொன்னவளுக்கு மறுநாளே மறந்திருக்கும். குருவம்மாள் மட்டும் அந்தச் சொல்லை எட்டு வருஷமாக மடியில் கட்டி வைத்திருந்தாள். மருமகளையாவது பிழைக்க வைக்க வேண்டும் என்றுதான் மாத்திரையைப் பரணில் ஒளித்தாள்.

உப்புக்கு யார் மேல் கோபப்படுவது என்று ஒரு நிமிஷம் தெரியவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அப்போது படபடவென்று இறக்கையடித்துக்கொண்டு அந்த வீட்டுக் கோழி பரணுக்கு ஏறியது. பழைய கூடை ஒன்றில்தான் அது முட்டையிடும். முட்டையிட்டு முடித்துவிட்டு, ஊருக்கே கேட்கும்படி கொக்கரித்தது.

"பாத்தியா என் முட்டைய? ஓடு எப்படி இருக்கு! கீழ விழுந்தாலும் உடையாது."

"அதுக்கு என்ன இப்போ?" என்றது உப்பு.

"மாத்திரைதான்! தினம் ரெண்டு, தவிட்டுல பொடிச்சுப் போடுறாக. அரசாங்க மாத்திரைய வீணாக்கக் கூடாதுல்ல?" என்று கோழி கழுத்தைச் சிலுப்பியது.

உப்பு கொதித்துப் போனது. நாலாம் மாசத்திலிருந்து வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு வந்த மாத்திரையைக் கோழி தின்கிறது! கோழியின் முட்டை ஓடு கெட்டியாகிறது, அதை ஊரே கூடி மெச்சுகிறது. 

"அந்த முட்டையாவது அவளுக்குப் போகுதா?"

"முட்டை சூடாச்சே. பிள்ளைத்தாச்சிக்கு ஆகாதாம். அது காளிராஜுக்கு ஆம்லெட்" என்று சொல்லிவிட்டுக் கோழி இறங்கிப் போனது.

அன்றிலிருந்து உப்பு பரண் ஓரத்துக்கு நகர்ந்து, கீழே நடப்பதைக் கவனிக்க ஆரம்பித்தது. பார்க்கப் பார்க்க அதற்கு ஆத்திரம் கூடியதே தவிர குறையவில்லை. கேப்பைக் கூழ் வரும், முருங்கைக்கீரை வரும், பருப்பு வரும். எல்லாம் சப்பென்று இருக்கும். மாரீஸ்வரி மூன்று வாய் வைப்பாள், குமட்டும், தட்டைத் தள்ளிவிடுவாள். குருவம்மாள் அதற்கும் முகம் சுளிக்கமாட்டாள்.

"கொஞ்சமாத் தின்னாப் போதும்த்தா. பிள்ளை சிறுசா இருந்தாத்தான் நோகாம வெளிய வரும்."

"ஊறுகாயிலயும் அப்பளத்துலயும் நான் கூடுதல்தான், ஒத்துக்கிறேன்" என்று உப்பு மாத்திரையிடம் புலம்பியது. "அதைக் குறைங்கன்னு சொல்லு, நியாயம். அதுக்காகக் கீரையிலயும் கூழுலயும் ஒரு கல்லுகூடப் போடாம அவளைப் பட்டினி போட்டா எந்த வீக்கம் வடியும்? என்னைத் துரத்துனதோட கடமை முடிஞ்சிருச்சுன்னு உக்காந்திருக்காங்களே!"

"வீக்கத்துக்குக் காரணம் வேற. ரத்தத்தோட அழுத்தம் ஏறுது" என்றது மாத்திரை. "எங்களை அடுக்கி வச்சிருந்த கிடங்குல ஒரு டாக்டரம்மா நர்ஸுகளுக்குப் பாடம் எடுத்தாங்க. சாப்பாட்டுல சுண்ணாம்புச் சத்து குறைவா இருக்கிற பொண்ணுங்களுக்கு நான் போனா, அழுத்தம் ஏறுற ஆபத்து குறையும்னாங்க. நானே எல்லாத்தையும் தடுத்திருவேன்னு சொல்லல. நல்லாச் சாப்பிடணும், மாசாமாசம் அளந்து பாக்கணும், ஏறுனா உடனே வைத்தியம் பாக்கணும்."

"அளந்து பாக்குறாங்களா?"

பரணுக்குக் கீழே ஆணியில் ஒரு பிளாஸ்டிக் உறை தொங்கியது. அதற்குள் துணை சுகாதார நிலையத்தில் கொடுத்த கர்ப்பிணிப் புத்தகம். உப்பு குனிந்து அதையே கேட்டது.

புத்தகத்துக்குள்ளிருந்து ஓர் எண் அதிகாரியைப் போல் தொண்டையைச் செருமியது. "நூற்றிருபதுக்கு எண்பது. எல்லாம் நார்மல். கவலைப்பட ஒன்றுமில்லை."

"யாரு அளந்தது?"

"அளப்பதா? கையில் கட்டி அழுத்தம் அளக்கும் பட்டியில் ரப்பர் குழாய் ஓட்டை. காற்று நிற்காது. நர்ஸம்மா போன மாதப் பக்கத்தைப் பார்த்து இந்த மாதமும் என்னையே எழுதினார். அதற்கு முந்தின மாதமும் நான்தான். இந்த ஊரில் எல்லாக் கர்ப்பிணிக்கும் நான்தான்."

"நீ எண்ணா, ரப்பர் ஸ்டாம்பா?"

"மரியாதையாகப் பேசு. அவருக்கு ஐந்து ஊர். புதுப் பட்டி வேண்டும் என்று மூன்று முறை மேலே எழுதியிருக்கிறார். மேலே இருப்பவர்களுக்குக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது. காலியாக இருந்தால் விளக்கம் கேட்பார்கள். நிரப்பியிருந்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்" என்றது எண்.

உப்பு பரண் ஓரத்திலிருந்து விருட்டென்று பின்னால் நகர்ந்தது. ஒரு பெண்ணின் உயிர் ஓட்டைக் குழாய் வழியாக ஒழுகிக்கொண்டிருக்கிறது, அதற்கு மேல் அழகான கையெழுத்தில் எல்லாம் நலம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். வெட்கம் கெட்டவர்கள்.

ஒன்பதாம் மாதம் பிறந்ததும் வளைகாப்பு வைத்தார்கள். தெருவில் பாதிப் பேர் வந்தார்கள். ஏழு வகைச் சோறு கிண்டினார்கள். வந்தவர்களெல்லாம் வாங்கி வாங்கித் தின்றார்கள். மாரீஸ்வரிக்கு மட்டும் தனிக் கிண்ணத்தில் உப்பில்லாத தயிர்ச் சோறு. அதையும் அவள் தின்னவில்லை.

வளையல் கையில் ஏறவில்லை. போன மாதம் அளவெடுத்து வாங்கிய வளையல். சோப்பு நுரை போட்டு, கையைப் பிசைந்து, மூச்சுப் பிடித்து ஏற்றினார்கள். ஒன்று படக்கென்று உடைந்தது.

"பிள்ளைத்தாச்சிக்கு உடம்பு எப்படிப் பூசியிருக்கு பாரேன்! முகமெல்லாம் சும்மா தளதளன்னு" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். வளையல் உடைந்தது நல்ல சகுனமில்லை என்று குருவம்மாள் மட்டும் அந்தத் துண்டுகளைப் பொறுக்கி யார் கண்ணிலும் படாமல் பரணில் வைத்தாள்.

"உடம்பு பூசினது இல்லப்பா அது. வீக்கம்" என்றது உடைந்த வளையல், பரணில் விழுந்ததும். "கையும் ஊதியிருக்கு, முகமும் ஊதியிருக்கு. ஏற மாட்டேன்னு நான் சொல்லிப் பாத்தேன். சோப்புப் போட்டு என் வாய அடைச்சுட்டாங்க."

வந்தவர்கள் வெற்றிலை வாங்கிக்கொண்டு போனதும், மணி நாலு இருக்கும், மாரீஸ்வரி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அத்தை, தலை பிளக்குது. கண்ணு முன்னால மின்னுது, பூச்சி பறக்குறாப்ல இருக்கு. இங்க, நெஞ்சுக்குக் கீழ, புடிச்சுப் புடிச்சு வலிக்குது."

மஞ்சப்பைக்குள் மாத்திரைகள் எல்லாம் ஒன்றாக நடுங்கின. "வந்திருச்சு" என்றது ஒரு மாத்திரை. "அந்த டாக்டரம்மா சொன்னது இதைத்தான். தலைவலி, கண்ணுல மின்னல், மேல் வயித்து வலி. அழுத்தம் உச்சிக்கு ஏறியிருச்சு. அடுத்தது வலிப்பு. வலிப்பு வந்தா ரெண்டு உயிரும் நம்ம கையில இல்ல."

"ஆஸ்பத்திரிக்குப் போயிருவமாம்மா?" என்றான் காளிராஜ்.

"நேத்துதானடா நர்ஸம்மா புத்தகத்துல எல்லாம் நல்லாருக்குன்னு எழுதிக் குடுத்தாக! இத்தனை பேரு வந்து வாயப் பொளந்து பாத்துட்டுப் போயிருக்காக, கண்ணு படாம என்ன செய்யும்? முதல்ல சுத்திப் போடுவோம். கங்குல போட்டா உப்பு படபடன்னு வெடிக்கணும், மிளகா நெடி ஏறக் கூடாது. அப்படின்னா கண்ணுதான். கழிஞ்சிரும். ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சா சரியாயிருவா."

சொல்லிக்கொண்டே குருவம்மாள் ஸ்டூலைப் போட்டுப் பரணில் கைவிட்டாள்.

உப்புக்குக் குரூரமான ஒரு சந்தோஷம் வந்தது. வரட்டும்! இரண்டு மாதமாக நெஞ்சுக்குள் அடைத்து வைத்திருக்கும் அத்தனையையும் நெருப்பில் விழுந்ததும் கொட்டிவிடும். மாத்திரையைக் கோழிக்குப் போட்டதை, ஓட்டைக் குழாயை, பொய் எண்ணை, பட்டினியை, எல்லாவற்றையும் இந்த வீட்டுச் சுவர் அதிரும்படி கத்திவிடும்.

"வெடிக்காதே!" என்றது மாத்திரை.

அது கத்தி உப்பு அதுவரை கேட்டதில்லை.

"என்னது?"

"நீ என்ன கத்துனாலும் அவங்களுக்குப் படபடன்னுதான் கேக்கும். கண்ணு கழிஞ்சிருச்சுன்னு அவளைப் படுக்கப் போட்டுருவாங்க. நீ வெடிச்சா அவ செத்தா. ஒரு கல்லுகூட வெடிக்கக் கூடாது. மிளகாய்க்கும் சொல்லு."

"நானா? நான் எப்படிய்யா அடக்குவேன்?" என்றது உப்பு. அதன் ஒவ்வொரு கல்லுக்குள்ளும் தூத்துக்குடிக் கடலின் ஒரு சொட்டு அடைபட்டுக் கிடந்தது. சூடு பட்டால் அந்தச் சொட்டு வெளியே பாயும், கல் சிதறும். பிறவிக் குணம் அது. பதில் சொல்ல மாத்திரைக்கு நேரமில்லை. குருவம்மாளின் கை உப்பை அள்ளிவிட்டது.

அந்த உள்ளங்கை வியர்த்திருந்தது. இவளுக்கும் பயம்தான் என்று அப்போதுதான் உப்புக்குப் புரிந்தது. பயத்தில் கையில் அகப்பட்டதைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் கிடந்த நாலு மிளகாய் வற்றலிடம் உப்பு அவசரமாகச் சொன்னது: "நீங்க நல்லா நெடி ஏத்துங்க. இருமி இருமி எல்லாருக்கும் கண்ணுல தண்ணி வரணும்."

"அது எங்களுக்குச் சொல்லணுமா?" என்றன வற்றல்கள்.

மாரீஸ்வரியின் தலையை மூன்று முறை சுற்றி, அவளை மூன்று முறை துப்பச் சொல்லி, குருவம்மாள் உப்பையும் வற்றலையும் கொட்டாங்கச்சிக் கங்கில் போட்டாள்.

சூடு ஏறியது. உள்ளிருந்த கடல் ஒவ்வொரு கல்லிலும் முட்டி மோதியது. கற்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டன. ஒரு பொடிக்கல் தாங்க மாட்டாமல் பட்டென்று வெடித்துவிட்டது.

"வெடிக்குதும்மா!" என்றான் காளிராஜ். அவன் முகத்தில் நிம்மதி வந்தது. குருவம்மாள் தலையை ஆட்டினாள். மாரீஸ்வரிக்குப் பாய் விரிக்கத் திரும்பினாள்.

உப்பு தன் கோபம் முழுவதையும் விழுங்கியது. வாழ்நாளில் இப்படி ஒரு கசப்பை அது விழுங்கியதில்லை. இன்னொரு கல் வெடிக்கவில்லை. இன்னொன்றும் வெடிக்கவில்லை.

பாயைக் கையில் வைத்துக்கொண்டு குருவம்மாள் நின்றாள். காதைக் கொடுத்துக் கேட்டாள். கங்கு சும்மா கனன்றது. வற்றல் நெடி மட்டும் வீடு முழுக்க ஏறியது. காளிராஜ் இருமினான், குருவம்மாள் இருமினாள். இன்னொரு கை உப்பை அள்ளிப் போட்டாள். அதுவும் சாம்பலில் சத்தமில்லாமல் கிடந்தது.

குருவம்மாள் பாயைக் கீழே போட்டாள். மருமகளின் முகத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். இரண்டு மாதமாகத் தினமும் பார்த்த முகம்தான். இப்போது அது அவளுக்குச் சீனியம்மாளின் முகமாகத் தெரிந்தது.

"இது கண்ணு இல்லடா! உள்ள ஏதோ ஆகுது. நூத்தியெட்டுக்குப் போடுடா போனை! ஏன்டா நிக்கிறே, போடுடா!"

மறுநாள் துணிமணி எடுக்க வந்த காளிராஜ், வாசலில் நின்றவர்களிடம் சொன்னதைப் பரணில் மிச்சமிருந்த உப்பு கேட்டது. பெரியாஸ்பத்திரியில் அளந்தபோது நூற்றி எண்பதுக்கு நூற்றிருபது. வண்டியிலேயே ஊசி போட்டுக் கொண்டுபோனதால் வலிப்பு வரவில்லை. அரை மணி நேரம் தாமதித்திருந்தால் சொல்வதற்கு ஒன்றும் இருந்திருக்காது. அறுத்துத்தான் பிள்ளையை எடுத்தார்கள். பெண் குழந்தை, ஒரு கிலோ அறுநூறு. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். டாக்டர் கர்ப்பிணிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார், பார்த்துவிட்டு மேஜையில் விசிறி எறிந்தார்.

ஒன்றரை மாதம் கழித்துத் தாயும் பிள்ளையும் வீடு திரும்பினார்கள். அதற்குள் தெருவுக்கே விஷயம் பரவியிருந்தது. குருவம்மாள் உப்புச் சாடியைப் பரணிலிருந்து இறக்கி, கழுவித் துடைத்து, குங்குமம் வைத்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். "இந்த உப்புதான் காட்டிக் குடுத்துச்சு. இது தெய்வம்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மூன்று பிள்ளைத்தாச்சிகள் வாசலில் வந்து நின்றார்கள். ஒருத்திக்குக் கால் வீங்கியிருந்தது. இன்னொருத்திக்கு இரண்டு நாளாகத் தலைவலி. மூன்றாமவள் சும்மா துணைக்கு வந்து, தனக்கும் பார்த்துக்கொள்ளலாம் என்று நின்றாள்.

"எங்களுக்கும் உப்புப் போட்டுப் பாருங்கத்தை. வெடிச்சுருச்சுன்னா வீட்டுக்குப் போயிருவோம். வெடிக்கலேன்னா ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

குங்குமப் பொட்டுக்குப் பின்னால் உப்பு விக்கித்துப் போனது. இதற்காகவா அன்றைக்கு நெருப்பில் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தது? பட்டியில் இன்னும் ஓட்டை. மாத்திரை இன்னும் மஞ்சப்பையில். இவர்கள் மூன்று உயிரைக் கொண்டுவந்து ஒரு கை உப்பில் அல்லவா வைக்கிறார்கள்! முட்டாள்களே, போய் அளந்து பாருங்கள் என்று அது கத்தியது. குருவம்மாள் சாடியின் மூடியைத் திறந்தாள்.

"அத்தை, அதை இங்க குடுங்க."

மாரீஸ்வரி தோளில் பிள்ளையோடு நின்றாள். அவள் அந்த வீட்டில் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. இப்போதும் அவள் உயர்த்தவில்லை.

"தெய்வம்த்தா அது. உன் உயிரக் காப்பாத்துச்சு" என்றாள் குருவம்மாள்.

"அன்னைக்கு உப்பு வெடிச்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

குருவம்மாள் சாடியை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"சொல்லுங்கத்தை. வெடிச்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? பாய விரிச்சு என்னைப் படுக்கப் போட்டிருப்பீங்க. இவ பேரு வைக்காமலே போயிருப்பா." அவள் பிள்ளையைத் தோளில் ஏற்றிப் போட்டுக்கொண்டாள். "என்னைப் பட்டினி போட்டீங்க, நானும் வாய மூடிட்டு இருந்தேன். எனக்கு வந்த மாத்திரையத் தவிட்டுல போட்டீங்க, அதுக்கும் வாய மூடிட்டு இருந்தேன். இவளுகளும் வாய மூடிட்டு வந்து நிக்கிறாளுக, பாருங்க."

குருவம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எம் மக மாதிரி நீயும் போயிருவியோன்னுதான்த்தா..." என்று முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். மாரீஸ்வரி பிள்ளையை அவள் மடியில் வைத்தாள்.

சாடியை எடுத்து, குங்குமத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்து, அடுப்பு மேடையில் வைத்தாள். "இது குழம்புக்கு" என்றாள். பரணிலிருந்து மஞ்சப்பையை இழுத்து, மாத்திரை அட்டைகளை அந்த மூன்று பேர் கையிலும் கொடுத்தாள். "இதை எப்படிச் சாப்பிடணும்னு நர்ஸம்மாவையே சொல்லச் சொல்லுவோம். நடங்க, நானும் வர்றேன். உங்க கையில பட்டியக் கட்டி அளக்காம இன்னைக்கு யாரும் அந்த வாசலை விட்டு நகரக் கூடாது. ஓட்டைன்னு சொன்னா, அவங்களுக்கு மேல இருக்குறவங்களுக்குப் போனப் போடச் சொல்லுவோம். அவங்க எடுக்கலேன்னா அவங்களுக்கும் மேல."

நாலு பெண்களும் தெருவில் இறங்கி நடந்தார்கள். வழியில் இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் தெருக்கோடியில், துணை சுகாதார நிலையம் இருக்கும் பக்கத்திலிருந்து, பெரிய சத்தம் கேட்டது. வீட்டு வாசல்களுக்கு ஆட்கள் ஓடி வந்தார்கள். அடுப்பு மேடையில் இருந்த உப்பு காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது.

வெடித்துக்கொண்டிருந்தது மாரீஸ்வரி.